மேலேயும் கீழேயும் ஒரே எழுத்து இருந்தால் அடித்துவிடலாமா? போட்டித் தேர்வுகளில் இயற்கணிதப் பின்னங்களைச் சுருக்குவது எப்படி

முதலில் ஒரு கணக்கு. பேனா எடுக்க வேண்டாம். பார்த்தவுடன் உங்கள் கண் எங்கே போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

(ம² − 9) / (ம² − 5ம + 6) என்பதன் எளிய வடிவம் எது?

(அ) (ம + 3) / (ம − 2)
(ஆ) (ம − 3) / (ம − 2)
(இ) 9 / (5ம − 6)
(ஈ) −3/2

பள்ளிப் புத்தகத்தில் எக்ஸ் இருக்கும் இடத்தில் இங்கே 'ம' போட்டிருக்கிறேன். மாறி என்ற சொல்லின் முதல் எழுத்து, அவ்வளவுதான். எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது தொகுதி, பின்னால் இருப்பது பகுதி.

மேலே ஒரு ம², கீழே ஒரு ம². ரெண்டையும் அடிச்சிட்டா −9 / (−5ம + 6) மிஞ்சும். குறிகளை மாற்றி எழுதினால் 9 / (5ம − 6). பார்த்தால் (இ) அப்படியே நிற்கிறது! டக்குனு அதைக் குறிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். சரியான விடை (அ).

வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து, ஐஐஎம் சேர்க்கைக்கான கேட் தேர்வுக்குத் தயாரானபோது, ஒரு மாதிரித் தேர்வில் நான் செய்த தப்பு கிட்டத்தட்ட இதுவேதான். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க் எடுத்தவன் என்ற நினைப்பு வேறு. விடைத்தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது: எனக்கு மறந்துபோனது சூத்திரம் இல்லை. எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது என்கிற ஒரே ஒரு விதி.

இந்த நாலு விடைகளும் சும்மா போட்டவை அல்ல. (இ) என்பது ம²-ஐ நேராக அடித்தவர்களுக்கு. (ஆ) என்பது ம² − 9-ஐ (ம − 3)(ம − 3) என்று தப்பாகப் பிரித்தவர்களுக்கு. (ஈ)தான் ரொம்பக் குசும்பு: (ம + 3) / (ம − 2) வரை சரியாக வந்துவிட்டு, ஆசை அடங்காமல் மிச்சமிருக்கும் ம-வையும் அடிப்பவர்களுக்காக வைத்தது. கேள்வி தயாரிப்பவர் நம்மை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்.

இதில் எவ்வளவு மார்க் போகிறது?

கேட் தேர்வின் கணிதப் பிரிவில் கடந்த சில ஆண்டுகளாக 40 நிமிடத்தில் 22 கேள்விகள். ஒரு கேள்விக்குச் சராசரியாக 109 விநாடி. சரியான விடைக்கு 3 மார்க், நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பு செய்தால் 1 மார்க் குறையும். அதாவது (இ)-யைக் குறித்தவருக்கும் (அ)-வைக் குறித்தவருக்கும் இடையே 4 மார்க் வித்தியாசம். கேள்வியைத் தொடாமல் விட்டவர்கூட தப்பாகக் குறித்தவரைவிட 1 மார்க் மேலே இருப்பார்.

எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் இன்னும் நெருக்கடி. 60 நிமிடத்தில் 100 கேள்விகள், அதில் 25 கணிதம். கேள்விக்கு 36 விநாடிதான். சரிக்கு 2, தப்புக்கு 0.50 குறைவு. 2023 நவம்பரில் அறிமுகமான புதிய ஜிமேட்டில் கணிதப் பிரிவுக்கு 45 நிமிடம், 21 கேள்விகள். வடிவியலை எடுத்துவிட்டதால் எண்கணிதமும் இயற்கணிதமும்தான் மிச்சம், கால்குலேட்டரும் கிடையாது. கேட், ஜிஆர்இ தேர்வுகளில் திரையில் கால்குலேட்டர் தருகிறார்கள். ஆனால் அதில் ம என்று ஒரு பட்டன் இல்லையே!

அப்படி என்ன விதி?

எழுத்தை மறந்துவிட்டு எண்ணுக்கு வருவோம். 48/60-ஐ எப்படிச் சுருக்குகிறோம்? 48 என்பது 12 × 4. 60 என்பது 12 × 5. ரெண்டு பக்கமும் 12 பெருக்கலில் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் 4/5. மதிப்பு மாறவில்லை, ஏனென்றால் 12/12 என்பது 1. ஒன்றால் பெருக்கினால் என்ன, எடுத்தால் என்ன?

இப்போது பெருக்கல் குறி இருந்த இடத்தில் கூட்டல் குறி போடுங்கள். (12 + 4) / (12 + 5) = 16/17. இங்கே 12-ஐ அடித்தால் 4/5 வரும். 16/17 எங்கே, 4/5 எங்கே!

கூட்டலாலோ கழித்தலாலோ இணைந்து நிற்பவை உறுப்புகள். பெருக்கலால் இணைந்து நிற்பவை காரணிகள். காரணியை அடிக்கலாம், உறுப்பை அடிக்கக் கூடாது. விதி இவ்வளவுதான். ம² − 9-இல் ம² ஓர் உறுப்பு. அதனால்தான் அதில் கை வைக்கக் கூடாது. ஒரு கோவையைக் காரணிப்படுத்துவது என்றால், கூட்டல் கழித்தலாக எழுதியிருப்பதைப் பெருக்கலாக மாற்றி எழுதுவது. மாற்றிய பிறகுதான் அடிப்பதற்கு நமக்கு உரிமை வருகிறது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் இதை 10ஆம் வகுப்பு இயற்கணிதப் பாடத்தில் 'விகிதமுறு கோவைகள்' என்ற தலைப்பில் பார்த்திருப்பீர்கள்.

தேர்வுக்கு வெளியேயும் இந்தத் தப்பு நடமாடுகிறது. எண்களை வைத்துச் செய்தி எழுதுவது என் வேலை என்பதால் அடிக்கடி கண்ணில் படும். 100 பேரில் 40 பேர் என்றால் 40 சதவீதம். ரெண்டு பக்கமும் 10 பேரைச் சேர்த்தால் 110 பேரில் 50 பேர், 45.45 சதவீதம். "ரெண்டுலயும் அதே பத்துதானே கூடுச்சு, சதவீதம் அப்படியேதான் இருக்கும்" என்று யாராவது சொன்னால், அவர் மனசுக்குள் அடித்துக்கொண்டிருப்பது உறுப்பைத்தான்.

ம-வுக்கு 10 போட்டுப் பாருங்கள்

முதல் கணக்குக்குத் திரும்புவோம். ம = 10 என்று வைத்தால் தொகுதி 100 − 9 = 91. பகுதி 100 − 50 + 6 = 56. ஆக 91/56. ரெண்டும் 7-ஆல் வகுபடும்: 91 = 7 × 13, 56 = 7 × 8.

இந்த 7 எங்கிருந்து வந்தது? 10 − 3. அந்த 13 என்பது 10 + 3. அந்த 8 என்பது 10 − 2. இப்போது எழுத்தில் எழுதிப் பாருங்கள்:

ம² − 9 = (ம − 3)(ம + 3)
ம² − 5ம + 6 = (ம − 3)(ம − 2)

மேலும் கீழும் (ம − 3) என்ற முழு அடைப்புக்குறி பெருக்கலில் இருக்கிறது. அதை அடித்தால் (ம + 3) / (ம − 2). 10 போட்டபோது கிடைத்த 13/8-உம் இதுவும் ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்து காரணிப்படுத்துதலை விளங்கிக்கொள்ள இதைவிட நேரடியான வழி இல்லை. 91/56-ஐப் பார்த்தவுடன் யாரும் 9-ஐயோ 5-ஐயோ அடிக்கப் போவதில்லை, பொதுவாக எது வகுக்கும் என்றுதான் தேடுவோம். எழுத்து வந்தவுடன் மட்டும் அந்த நிதானம் போய்விடுகிறது.

ஒரு எச்சரிக்கை. 10 ஒரு துப்புதான், தீர்ப்பு அல்ல. (ம + 2) / (ம − 4) என்பதில் 10 போட்டால் 12/6, பொதுவாக 6 இருப்பதுபோலத் தெரியும். ஆனால் இந்தப் பின்னம் சுருங்காது. 10-க்கு அப்படி அமைந்தது தற்செயல். இன்னோர் எண்ணையும் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: ம = 11 என்றால் 13/7. தற்செயல் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு 16/64 நல்ல உதாரணம். மேலும் கீழும் உள்ள 6-ஐ அடித்தால் 1/4, விடை சரி! 19/95, 26/65, 49/98 ஆகியவற்றிலும் இதே வேடிக்கை நடக்கும். வழி தப்பு, விடை சரி.

பிரிக்கத் தடுமாறுகிறீர்களா?

நடைமுறையில் மூன்று நான்கு வகைகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு உறுப்பிலும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 6ம² − 24 என்றால் முதலில் 6-ஐ வெளியே எடுத்து 6(ம² − 4) என்று எழுதிய பிறகுதான் மற்றதெல்லாம். அடுத்து ரெண்டு வர்க்கங்களின் கழித்தல். அது எப்போதும் ஒரு கூட்டலும் ஒரு கழித்தலுமாகப் பிரியும். ஆனால் வர்க்கங்களின் கூட்டல் பிரியாது. (ம² + 9) / (ம + 3) என்று கொடுத்தால் அதில் சுருக்க ஒன்றுமில்லை, அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். "ஏதாவது செய்யணுமே" என்ற பதற்றத்தில் அதை ம + 3 என்று எழுதுபவர்கள் அதிகம்.

ம² − 5ம + 6 மாதிரி இருபடிக் கோவைக்குப் பெருக்கினால் 6, கூட்டினால் −5 வரும் ஜோடி வேண்டும்: −2, −3. இது பெரும்பாலும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ம²-க்கு முன்னால் எண் இருந்தால்தான் சிக்கல்.

(2ம² + 7ம + 3) / (4ம² − 1)

வழக்கமான முறையில் 2 × 3 = 6, பெருக்கினால் 6, கூட்டினால் 7 வரும் ஜோடி 6-உம் 1-உம். 7ம-வை 6ம + ம என்று பிளந்தால் 2ம(ம + 3) + 1(ம + 3), அதாவது (2ம + 1)(ம + 3). செய்யலாம், நேரம் எடுக்கும்.

நான் சொல்வது வேறு வழி. மேலே கஷ்டமாக இருந்தால் கீழே போங்கள். 4ம² − 1 வர்க்கங்களின் கழித்தல், யோசிக்காமலே (2ம − 1)(2ம + 1) என்று பிரியும். கேள்வியைச் சுருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் இந்த ரெண்டில் ஒன்று மேலேயும் ஒளிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எது? தொகுதியில் எல்லாமே கூட்டல் குறி, கடைசி உறுப்பு 3. அப்படியானால் 2ம + 1-ஆகத்தான் இருக்க முடியும். முதல் உறுப்பு 2ம², அதனால் இன்னொரு காரணி ம-வில் தொடங்க வேண்டும். கடைசி உறுப்பு 3, அதனால் 3-இல் முடிய வேண்டும். (2ம + 1)(ம + 3), நடு உறுப்பு 6ம + ம = 7ம, சரியாக இருக்கிறது. விடை (ம + 3) / (2ம − 1).

சந்தேகம் இருந்தால் காரணித் தேற்றம் இருக்கிறது. 2ம + 1 பூச்சியமாகும் மதிப்பு −1/2. அதைத் தொகுதியில் போட்டால் 0.5 − 3.5 + 3 = 0. பூச்சியம் வந்தால் அது காரணிதான்.

குறி மாறும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் விழும் பள்ளம் அது. (25 − ம²) / (ம² − 2ம − 15) என்பதை (5 − ம)(5 + ம) / (ம − 5)(ம + 3) என்று பிரித்தபின் சிலர் "5 − ம வேற, ம − 5 வேற, அடிக்க முடியாது" என்று நிறுத்திவிடுவார்கள். சிலர் ரெண்டும் ஒன்றுதான் என்று அடித்துவிட்டு (ம + 5) / (ம + 3) என்பார்கள். ரெண்டுமே தப்பு. 5 − ம என்பது −(ம − 5). ஆகவே அடிக்கலாம், ஆனால் ஒரு கழித்தல் குறி மிஞ்சும்: −(ம + 5) / (ம + 3). ம = 1 போட்டுச் சரிபாருங்கள்: 24 / (−16) = −3/2. விடையிலும் −6/4 = −3/2.

எழுத்தே இல்லாமலும் வரும்

எஸ்எஸ்சி மாதிரியான தேர்வுகளில் இந்தக் கணக்கு எண் வேஷம் போட்டுக்கொண்டு வரும்:

(347³ + 253³) / (347² − 347 × 253 + 253²)

36 விநாடியில் 347-ஐ மூன்று முறை பெருக்கிக்கொண்டிருக்க முடியாது, பெருக்கச் சொல்லவும் இல்லை. ரெண்டு கனங்களின் கூடுதல், அந்த ரெண்டு எண்களின் கூடுதலையும், இதோ பகுதியில் இருக்கும் இதே கோவையையும் காரணிகளாகக் கொண்டது. பகுதி முழுசாக அடிபட்டு 347 + 253 = 600 மிஞ்சும். கூட்டினால் 600 என்று முழுசாக வருகிறதே, அதுவே கேள்வி தயாரித்தவர் கொடுக்கும் சைகை. குறியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: தொகுதியில் கழித்தலும் பகுதியில் மூன்றும் கூட்டலுமாக இருந்தால் விடை 347 − 253 = 94.

ஜிமேட்டுக்குப் பிடித்த வேஷம் அடுக்குகள். (3¹² − 3¹⁰) / (3¹¹ + 3¹⁰) என்று இருந்தால் எல்லாவற்றிலும் 3¹⁰ பொது. வெளியே எடுத்தால் மேலே 9 − 1, கீழே 3 + 1. விடை 2.

இதைத் திருப்பிப் போட்டும் கேட்பார்கள். 1/2 + 1/6 + 1/12 + 1/20 + 1/30 எவ்வளவு? மீச்சிறு பொது மடங்கு தேடிக் கிளம்ப வேண்டாம். பகுதிகளைக் காரணிப்படுத்துங்கள்: 1 × 2, 2 × 3, 3 × 4, 4 × 5, 5 × 6. ஒவ்வொன்றையும் ரெண்டு பின்னங்களின் கழித்தலாக எழுதலாம். 1/6 என்பது 1/2 − 1/3, 1/12 என்பது 1/3 − 1/4. நடுவில் இருப்பதெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிட்டு 1 − 1/6 = 5/6 மிஞ்சும். இங்கே உறுப்பும் உறுப்பும் அடிபடுகிறதே என்று கேட்கலாம். அவை மேலும் கீழுமாக இல்லை, ஒரே வரிசையில் கூட்டலும் கழித்தலுமாக நிற்கின்றன, அதனால் தப்பில்லை.

அடித்த காரணி எங்கே போனது?

பாடநூலில் 'விலக்கப்பட்ட மதிப்பு' என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும். பள்ளியில் ரெண்டு மார்க் கேள்வி, அதனால் நாம் பெரிசாகக் கண்டுகொண்டதில்லை. கேட், ஜிஆர்இ மாதிரியான தேர்வுகளில் அதுதான் நன்றாகப் படித்தவர்களையும் சாய்க்கும் இடம்.

(ம² − 9) / (ம − 3) = 6 என்ற சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வுகள்?

காரணிப்படுத்தினால் ம + 3 = 6, ஆகவே ம = 3, ஒரு தீர்வு. எல்லாம் விதிப்படியே செய்தோம், ஆனாலும் விடை தப்பு. ம = 3 என்றால் மூலப் பின்னத்தின் பகுதி பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. எனவே தீர்வுகளின் எண்ணிக்கை 0.

(ம − 3)-ஐ அடித்தபோது நாம் என்ன சொல்லிக்கொண்டோம்? (ம − 3) / (ம − 3) என்பது 1. அது ம = 3 ஆக இல்லாதவரைதான் உண்மை. அடித்த பிறகு அந்த நிபந்தனை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கூடவே வரும். நம் முதல் கணக்கிலும் அப்படித்தான். மூலப் பின்னத்தில் 2, 3 ரெண்டுமே விலக்கப்பட்ட மதிப்புகள். சுருக்கிய (ம + 3) / (ம − 2)-இல் 2 மட்டும்தான் தெரிகிறது. ஜிஆர்இ மாதிரித் தாள்களில் கேள்விக்கு மேலே 'ம ≠ 3' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால் அது அலங்காரம் இல்லை. அந்த வரி இருந்தால் ரெண்டு அளவுகள் சமம், இல்லாவிட்டால் விடையே வேறாகலாம்.

அடிப்பதற்கு முன், நீங்கள் அடிக்கப்போகும் காரணி எப்போது பூச்சியமாகும் என்று ஓரத்தில் குறித்துக்கொள்வது என் வழக்கம். ரெண்டு விநாடிதான் ஆகும். சமன்பாட்டின் ரெண்டு பக்கமும் பொதுவாக இருப்பதை அடிக்கும்போதும் இதைச் செய்யுங்கள். ம(ம − 4) = 3(ம − 4) என்றால் அடித்தவுடன் ம = 3 கிடைக்கும், ஆனால் ம = 4 என்ற இன்னொரு தீர்வு காணாமல் போய்விடும்.

எண் போட்டுப் பார்த்தே விடை கண்டுபிடித்தால் போதாதா?

போதும், எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். பயிற்சி வகுப்புகளில் "ம-வுக்கு ஏதாவது ஒரு நம்பர் போடுங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எளிதாக இருக்கட்டும் என்று எல்லோரும் 0 போடுவார்கள். முதல் கணக்கில் 0 போட்டால் என்ன ஆகிறது பாருங்கள். மூலப் பின்னம் −9/6, அதாவது −3/2. (அ) −3/2. (இ) 9/(−6), அதுவும் −3/2. (ஈ) கேட்கவே வேண்டாம். நாலில் மூன்று விடை ஒத்துப்போகிறது! ம இருக்கும் உறுப்பெல்லாம் 0 ஆனதும், தப்பான வழியில் வந்தவர் கையிலும் அதே மாறிலிகள்தானே மிஞ்சும்?

1 போட்டால் ம, ம², ம³ எல்லாம் ஒன்றாகத் தெரியும், அதுவும் சில நேரம் ஏமாற்றும். விலக்கப்பட்ட மதிப்புகளைப் போடவே முடியாது. ம = 4 போட்டால் மூலப் பின்னம் 7/2. (அ) 7/2, (ஆ) 1/2, (இ) 9/14, (ஈ) −3/2. பத்து விநாடியில் முடிந்தது.

விடையை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளில் இந்த வழி எடுபடாது, ஒப்பிடுவதற்கு விடைகளே இருக்காது. கேட் தேர்வில் அப்படிப்பட்ட கேள்விகளுக்கு மார்க் குறைப்பு இல்லை என்பது ஓர் ஆறுதல்.

வீட்டில் போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள்.

1. (ம² + ம − 12) / (ம² − 16)
2. (3ம − 12) / (16 − ம²)
3. (ம² + 4) / (ம + 2)

முதலாவதன் விடை (ம − 3) / (ம − 4), விலக்கப்பட்டவை 4, −4. ரெண்டாவதில் கழித்தல் குறியை மறக்காதவர்களுக்கு −3 / (ம + 4) வரும், இங்கேயும் 4, −4 விலக்கு. மூன்றாவதைச் சுருக்க முயன்றிருந்தால், 'அப்படி என்ன விதி?' என்ற பகுதியை இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.